தெற்கே சாய்ந்த வெயில்

குஜிலியம்பாறை மாதிரி வானம் பார்த்த ஊர்களில் ஏழை வீட்டுக் கூரைக்குச் சோலார் தகடு ஏற வழி செய்தது 2011-ல் தமிழக அரசு கொண்டுவந்த பசுமை வீடுகள் திட்டம். 300 சதுர அடியில் ஒரு வீடு. மொத்தச் செலவு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அதில் 30 ஆயிரம் சூரிய ஒளி விளக்குகளுக்கு. படுக்கையறை, கூடம், அடுப்படி, கழிப்பறை, தாழ்வாரம் என 5 விளக்குகள், ஒரு பேட்டரி.

மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் தவித்த காலம் அது. 2012 அக்டோபரில் சூரிய மின்சக்திக் கொள்கை வெளியானது. மாடியில் தயாராகும் மின்சாரத்துக்கு முதல் 2 ஆண்டுகள் யூனிட்டுக்கு 2 ரூபாய் ஊக்கத்தொகை என்றார்கள். தகடு அதற்குப் பிறகுதான் வசதியுள்ள வீடுகளின் மொட்டை மாடிக்கும் பரவலாக வந்தது. 2024-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியமே 78,000 ரூபாய்.

குளிர்காலத்தில் தகடு படுத்துவிடும் என்ற பயம் மட்டும் இன்னும் போகவில்லை. அது குளிர் நாட்டுக் கவலை. டிசம்பர் உச்சிவேளையில் லண்டன் சூரியன் 15 பாகை உயரம்தான் ஏறும். குஜிலியம்பாறையில் 56 பாகை. பகலும் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம். தகட்டின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். சித்திரையில் தகடு 60 டிகிரிக்குக் கொதிக்கும்போது ஏழில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். தை, மாசியின் தெளிந்த வானமும் இளங்காற்றும் தகட்டுக்கு உண்மையில் நல்ல காலம். கைவிடுவது ஐப்பசி, கார்த்திகை மந்தாரம்தான்.

இன்னொரு எதிரி நிழல். சித்திரை முதல் வாரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது இடம் பார்த்துத் தகடு மாட்டியவர்கள் மார்கழியில் ஏமாந்துபோகிறார்கள். 9 அடி உயர மாடிப்படி அறை மார்கழி உச்சிவேளையில் வடக்கே 6 அடிக்கு நிழல் விரிக்கும். காலை எட்டரை மணிக்கு அதே நிழல் ஏறக்குறைய 20 அடி. தகட்டுக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால், ஒரு மூலையில் விழும் நிழல்கூட வரிசை முழுவதையும் இழுத்துவிடும்.

பிறகு பனி. மார்கழி விடியலில் தகட்டில் பனித்துளி இறங்கி, படிந்திருக்கும் செம்மண் புழுதியைக் குழைத்து, கீழ்ச்சட்டத்தின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சேறாக ஒட்டவைக்கும். வெயில் ஏறினால் அது காய்ந்து பிடித்துக்கொள்ளும். வாசல் தெளிக்கும் நேரத்திலேயே ஒரு வாளித் தண்ணீரும் பழைய பருத்தித் துணியுமாக மாடியேறினால், ஈரம் காய்வதற்குள் துடைத்து இறங்கிவிடலாம்.