திருகோணமலையில் நடந்த, எழுதப்படாத ஒரு வழக்கு

ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகளை வாசித்தவர்களில் எத்தனை பேர் அந்த இடத்தில் ஒரு கணம் நின்றிருப்பீர்கள்? 1891 யூலையில் லண்டனின் 'ஸ்ட்ராண்ட்' சஞ்சிகையில் ஹோம்ஸின் முதலாவது சிறுகதை வந்தது. பொஹீமிய மன்னரின் புகைப்படம் பற்றிய கதை. அதன் தொடக்கத்தில், கலியாணம் கட்டித் தனிக்குடித்தனம் போய்விட்ட வொற்சன், பழைய நண்பனைப் பற்றித் தான் கேள்விப்பட்ட செய்திகளை வரிசையாகச் சொல்கிறார். ஒடெஸாவில் ஒரு கொலை. அதற்கு அடுத்ததாக, திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த விசித்திரமான துயரம். அவ்வளவுதான். யார் அந்தச் சகோதரர்கள், அவர்களுக்கு என்ன நடந்தது, ஹோம்ஸ் எப்படித் துப்புத் துலக்கினார் என்று கொனன் டொயில் கடைசிவரை எழுதவேயில்லை.

முதன்முதல் இதை வாசித்தபோது எங்களுக்குச் சந்தோசமாத்தான் இருந்தது. எங்கட ஊர்ப் பெயர் ஹோம்ஸ் கதைக்குள்ள இருக்கே! பிறகுதான் யோசித்தோம். அந்த வரியில் திருகோணமலை இருக்கிறது, திருகோணமலையில் இருந்த ஒருத்தரும் இல்லை. 1890இல் வந்த 'நால்வரின் அடையாளம்' நாவலிலும் ஹோம்ஸ் இராச்சாப்பாட்டு மேசையில் இலங்கையின் பௌத்தம் பற்றி விலாவாரியாகக் கதைக்கிறார். அங்கேயும் எங்கட தீவு ஒரு படித்த மனிதரின் பேச்சுப் பொருள் மட்டும்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்களில் பலர் அண்மைக்காலமாக ஸ்டீம்பங்க் துப்பறியும் நாவல்களை விழுந்து விழுந்து வாசிக்கிறோம். நீராவி இயந்திரம், ஆகாயக் கப்பல், பித்தளைப் பற்சில்லுகள், கூடவே பேய், மந்திரம், காதல், ஒரு கொலை. அந்த உலகத்தின் பின்னால் இருக்கிற வரலாற்றை ஒருக்காப் பார்ப்போம்.

'ஸ்டீம்பங்க்' என்ற சொல் விக்டோரியா காலத்தது அல்ல. 1987இல் கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர், தானும் தன் நண்பர்கள் டிம் பவர்ஸ், ஜேம்ஸ் பிளேலொக் ஆகியோரும் எழுதிவந்த விக்டோரியக் கற்பனைக் கதைகளுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று 'லோக்கஸ்' சஞ்சிகைக்குக் கடிதம் எழுதியபோது, பகிடியாக முன்வைத்த சொல் அது. பகிடி நிலைத்துவிட்டது.

இந்த வகையில் பலரும் முதலில் வாசிப்பது கெயில் கரிகரின் 'பராசோல் புரொடெக்டரேட்' தொடரைத்தான். 2009இல் 'சோல்லெஸ்' என்ற நாவலுடன் தொடங்கி 2012இல் ஐந்தாவது நூலோடு முடிந்தது. நாயகி அலெக்சியா தராபொத்திக்கு ஆன்மா கிடையாது. அவள் தொட்டால் இரத்தக்காட்டேரியும் ஓநாய் மனிதனும் சாதாரண மனிதர்களாகி விடுவார்கள். ஒரு நடன விருந்துக்குப் போன இடத்தில், முறையான அறிமுகம் கூட இல்லாமல் ஒரு இரத்தக்காட்டேரி அவளைக் கடிக்க வர, அவள் அதைக் கொன்றுவிடுகிறாள். விசாரிக்க வருகிற ஓநாய் மனிதர் மக்கொன் பிரபுவோடு முதலில் சண்டை, பிறகு காதல்.

இந்தக் காதல் சும்மா ஒட்டவைத்த மசாலா இல்லை. விக்டோரியா காலத்து வசதியான வீட்டுப் பெண் துணையில்லாமல் வீதிக்கு இறங்கவே ஊர் கதைக்கும். துப்பறிய வேண்டுமென்றால் இரவில் வெளியே போகவேண்டும், கேள்வி கேட்கவேண்டும், ஆண்களோடு வாதாட வேண்டும். அலெக்சியாவுக்கு அதையெல்லாம் செய்யக் கதையில் இடம் திறந்துவிடுவதே அந்த உறவுதான்.

மந்திரமும் துப்பறிதலும் ஒன்றாக வருவது எழுத்தாளரின் விருப்பம் மட்டும்தானா? வரலாற்றைப் பார்த்தால் இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் போலத்தான் இருக்கின்றன.

துப்பறிவாளர் வந்த கதை

லண்டன் மாநகரப் பொலிஸ் 1829இல் உருவானது. சீருடை போடாத துப்பறியும் பிரிவு 1842இல்தான் வந்தது. மொத்தம் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில் ஒருவர் ஜக் விச்சர், ஒரு தோட்டக்காரரின் மகன். 1860இல் ரோட் ஹில் என்ற இடத்தில் ஒரு வசதியான வீட்டில் மூன்று வயதுப் பையன் கொல்லப்பட்டான். விச்சரின் சந்தேகம் பையனின் மூத்த தாரத்து அக்கா, 16 வயதான கொன்ஸ்டன்ஸ் கென்ற் மீது விழுந்தது. நாடே கொந்தளித்தது. கொலையை விட, ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளை கனவானின் மகளைக் குற்றவாளி என்று சொன்னதுதான் பலருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. விச்சரின் பெயர் கெட்டது. 1865இல் கொன்ஸ்டன்ஸ் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டபோது அவர் வேலையை விட்டுப் போயிருந்தார்.

இந்த வழக்கின் சாயலோடு வில்கி கொலின்ஸ் 1868இல் 'சந்திரகாந்தக் கல்' நாவலை எழுதினார். ஆங்கிலத் துப்பறியும் நாவலின் முன்னோடிகளில் ஒன்று அது. அதில் திருட்டுப் போகிற வைரம் எங்கிருந்து வந்தது? 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஒரு ஆங்கிலேய அதிகாரி கொள்ளையடித்துக் கொண்டுபோனது. அதைத் தேடி இந்தியாவிலிருந்து மூன்று பேர் இங்கிலாந்துக்கு வருகிறார்கள். எல்லாருடைய சந்தேகமும் முதலில் அவர்கள் மேல்தான். ஆனால் முதல் திருடன் யார் என்பதைக் கொலின்ஸ் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அந்தக் காலத்துக்கு இது பெரிய விசயம்.

ஆவிகள் வந்த கதை

1844இல் அமெரிக்காவில் மோர்சின் தந்தி வொஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையில் ஓடியது. நான்கு வருசம் கழித்து, 1848இல், நியூயோர்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் கிராமத்தில் ஃபொக்ஸ் சகோதரிகள் ஆவிகளோடு தட்டுச் சத்தத்தால் பேசுவதாகச் சொன்னார்கள். வெகு தூரத்தில் இருக்கிறவரோடு 'டக் டக்' என்று பேசலாம் என்றால், மரணத்துக்கு அப்பால் இருக்கிறவரோடு ஏன் பேசக்கூடாது? அந்தக் காலத்தவர்களுக்கு அது முட்டாள்தனமாகத் தெரியவில்லை. தாலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்த வில்லியம் குருக்ஸ் போன்ற விஞ்ஞானியே ஆவி ஊடகர்களைத் தன் வீட்டில் வைத்துச் சோதித்தார். 1882இல் இதையெல்லாம் முறையாக விசாரிக்க என்றே லண்டனில் உளவியல் ஆய்வுச் சங்கம் தொடங்கியது. பேய் விசாரிக்கும் துப்பறிவாளர்கள் கதையில் அல்ல, உண்மையிலேயே இருந்தார்கள். அவர்களுடைய மிகப் பிரபலமான வழக்கு நடந்த இடம் மதராஸ்.

அடையாற்று அலமாரி

கேணல் ஒல்கொட்டை எங்கட நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. கொழும்பு கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு முன்னால் சிலையாக நிற்கிறார். ஆனந்தாக் கல்லூரியின் வரலாறு அவரைச் சொல்லாமல் தொடங்காது. ஆனால் அவரும் ஒரு காலத்தில் துப்பறிவாளர்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இராணுவக் கொள்வனவில் நடந்த ஊழல்களைத் தேடிப் பிடிப்பது அவரது வேலை. லிங்கன் கொலை விசாரணையிலும் பங்கெடுத்தார். 1874இல் வேர்மொண்ட் பண்ணை வீடொன்றில் ஆவிகள் வருகின்றன என்று கேள்விப்பட்டு விசாரிக்கப் போன இடத்தில் பிளவற்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். அடுத்த வருசம் இருவருமாகப் பிரம்மஞான சபையைத் தொடங்கினார்கள். 1880 மே மாதம் காலியில் வந்து இறங்கிப் பஞ்சசீலம் எடுத்தார்கள். 1882இல் இலங்கையில் ஒல்கொட் கையால் தடவி நோய் தீர்க்கத் தொடங்க, போகிற இடமெல்லாம் சனம் கூடியது.

அந்த வருச முடிவில் சபையின் தலைமையகம் அடையாறுக்கு மாறியது. அங்கே பிளவற்ஸ்கியின் படுக்கையறைச் சுவரோடு ஒட்டிய அறையில் ஒரு மர அலமாரி தொங்கியது. அதற்குள் ஒரு கடிதத்தை வைத்துப் பூட்டினால், திபெத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்ட மகாத்மாக்களின் பதில் உள்ளே தோன்றும். ஒருநாள் அலமாரியிலிருந்து விழுந்து உடைந்த பீங்கான் தட்டொன்று, கதவை மூடித் திறந்ததும் முழுசாக இருந்தது.

வீட்டை நிர்வகித்தவர் எம்மா கூலோம். கெய்ரோவில் பிளவற்ஸ்கிக்குப் பழக்கமானவர். கையில் காசில்லாமல் இலங்கையில் இருந்தபோது பிளவற்ஸ்கி பம்பாய்க்கு வந்த செய்தி அறிந்து கடிதம் எழுதி, கணவரோடு அங்கே போய்ச் சேர்ந்தவர். கணவர் அலெக்சிஸ் தச்சு வேலை தெரிந்தவர். 1884இல் பிளவற்ஸ்கியும் ஒல்கொட்டும் ஐரோப்பாவுக்குப் போயிருந்த நேரம், சபைக்காரர் இந்த இருவரையும் வெளியேற்றினார்கள். செப்ரெம்பரில் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரிச் சஞ்சிகையில் குண்டு வெடித்தது. அற்புதங்களை எப்படிச் செய்வது என்று பிளவற்ஸ்கி தனக்கு எழுதியதாக எம்மா கொடுத்த கடிதங்கள் அச்சில் வந்தன.

விசாரிக்க லண்டன் சங்கம் ரிச்சர்ட் ஹொட்ஜ்சனை அனுப்பியது. அவர் வந்து சேரும்போது அலமாரியே இல்லை. சபைக்காரர்களே அதை அழித்துவிட்டிருந்தார்கள். மிஞ்சியது சுவர், சாட்சியங்கள், கையெழுத்துகள். தட்டு விசயத்தில் ஹொட்ஜ்சன் செய்தது அசல் ஹோம்ஸ் வேலை. மதராஸ் கடையொன்றில் விசாரித்து, அதேமாதிரித் தட்டுகளைச் சோடியாக எம்மா வாங்கியிருந்ததைக் கண்டுபிடித்தார். 1885 இறுதியில் வந்த அறிக்கை பிளவற்ஸ்கியை ஏமாற்றுக்காரி என்றது. ரஷ்ய உளவாளியாகவும் இருக்கலாம் என்று ஒரு ஊகத்தையும் சேர்த்தது. அம்மையார் அதற்கு முன்னமே இந்தியாவை விட்டுப் போய்விட்டார், திரும்பவில்லை. நூறு வருசம் கழித்து, 1986இல், அதே சங்கத்தின் உறுப்பினரான வேர்னன் ஹரிசன் அந்த அறிக்கையின் கையெழுத்து ஆய்வு நம்பத்தக்கதல்ல என்று எழுதினார். ஹொட்ஜ்சனோ பிற்காலத்தில் அமெரிக்காவில் லியனோரா பைப்பர் என்ற ஊடகரைச் சோதிக்கப் போய், ஆவிகள் பேசுவது உண்மை என்று நம்பத் தொடங்கினார். இதைவிட ஸ்டீம்பங்க் கதை வேண்டுமா?

இந்த வழக்கில் எங்களுக்கு மறக்க முடியாதவர் வேறொருவர். தாமோதர் மாவலங்கர். சாதியையும் குடும்பச் சொத்தையும் துறந்து சபையோடு சேர்ந்த மராட்டிய இளைஞர். ஹொட்ஜ்சன் அவரையும் கூட்டுக் களவாளி என்றார். விசாரணை நடந்துகொண்டிருந்த 1885 பெப்ரவரியில், மகாத்மாக்களைத் தேடித் திபெத்துக்கு என்று புறப்பட்டவர் திரும்பி வரவேயில்லை. வெள்ளைக்காரர்களின் வாதம் நூறு வருசம் நீண்டது. காணாமல் போன பிள்ளை அதில் ஒரு அடிக்குறிப்பு. காணாமல் போனவர்களைத் தேடுகிற நாட்டிலிருந்து வாசிக்கும்போது இது சும்மா கடந்து போகிற வரி இல்லை.

கைரேகையும் தேயிலையும்

மந்திரம் கிழக்கிலிருந்து, விஞ்ஞானம் மேற்கிலிருந்து என்றுதான் அந்தக் காலக் கதைகள் பிரித்து வைத்தன. துப்பறிதலின் பெரிய விஞ்ஞானமான கைரேகையோ 1897இல் கல்கத்தாவில் பணியகமாகி, 1901இல்தான் ஸ்கொட்லண்ட் யார்டுக்குப் போனது. கைரேகைகளை வகைப்படுத்தும் கணக்கை உருவாக்குவதில் முக்கிய பங்கு வகித்தவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காளப் பொலிஸ்காரர்கள். முறைக்குக் கிடைத்த பெயர் அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது.

நீராவியும் அப்படித்தான். ஸ்டீம்பங்க் நாவலில் ரெயில் என்றால் அழகான பித்தளை. இலங்கையில் 1867இல் கண்டிவரை போன ரெயில், தோட்டக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்ட பாதை. அதே வருசம் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டார். கோப்பியைப் பூஞ்சண நோய் அழித்த பிறகு மலையெல்லாம் தேயிலையானது. காட்டை வெட்டியதும் கொழுந்து எடுத்ததும் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த தமிழர்கள். அலெக்சியா தேநீர் இல்லாமல் ஒரு பக்கமும் நகரமாட்டாள். 2015இல் வந்த 'புரூடென்ஸ்' நாவலில் அவளுடைய மகள் தேயிலைக்காகவே ஆகாயக் கப்பலில் இந்தியாவுக்குப் போகிறாள். அங்கே ராட்சசர்களும் வானரங்களும் வருகிறார்கள். கரிகருக்கு எங்கட இதிகாசம் தெரிந்திருப்பதில் சந்தோசம்தான். ஆனால் தேயிலை பறிக்கிறவர் யார் என்று அந்த ஆகாயக் கப்பலிலிருந்து பார்த்தால் தெரியாது.

அதனால்தான் பி. ஜெலி கிளார்க்கை வாசியுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறோம். 2021இல் வந்து நெபியுலா விருது பெற்ற 'எ மாஸ்டர் ஒஃப் ஜின்' நாவல் 1912ஆம் ஆண்டுக் கெய்ரோவில் நடக்கிறது. ஜின்கள் உலகத்துக்குள் வந்து, அவற்றின் துணையோடு எகிப்து பிரித்தானியரை வெளியேற்றிவிட்டது. துப்பறிவாளர் பாத்திமா என்ற எகிப்தியப் பெண். ஆங்கிலேயக் கோட்டுச் சூட்டையும் வட்டத் தொப்பியையும் ஆசைக்குப் போட்டுக்கொண்டு திரிகிறாள். அவளுடைய காதலி சித்தி. நீராவி, மந்திரம், காதல், கொலை எல்லாமே இருக்கிறது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. கெய்ரோ இங்கே வேறு யாருடையவோ கதைக்குப் பின்திரை அல்ல, பாத்திமா வாழ்ந்து வேலை செய்கிற ஊர்.

கரிகரை வாசிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்களே மூன்று தரம் வாசித்துச் சிரித்திருக்கிறோம். ஆனால் அட்கின்சன் சகோதரர்கள் திருகோணமலையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கடற்படைத் துறைமுகம், கோட்டை, கோணேசர் மலை, கடற்கரை மீனவர் குடிசைகள். அங்கே இரண்டு வெள்ளைக்காரருக்கு ஏதோ நடந்தால் முதலில் யாரைப் பிடித்து விசாரித்திருப்பார்கள்? தோணிக்காரரையா, சமையல்காரரையா, வீட்டில் வேலை செய்த பெண்ணையா? அந்தப் பெண் என்ன கண்டாள் என்பதை யாராவது கேட்டிருப்பார்களா? ஹோம்ஸ் முடித்துவிட்டதாகச் சொல்லப்படும் வழக்கு அது. எங்களைப் பொறுத்தவரை இன்னும் ஒரு சாட்சியைக்கூட விசாரிக்கவில்லை. எழுதுகிறவர்கள் இருந்தால் எங்களுக்கு அனுப்புங்கள், வாசிக்கக் காத்திருக்கிறோம்.