அயர்லாந்தின் நெடியோன்

இலண்டன் மாநகர். ஆண்டு 1782. சேரிங் கிராஸ் அருகே ஸ்பிரிங் கார்டன்ஸ் என்னுமிடத்தில், ஓர் அறைக்குள் நுழையச் சீமான்களும் சீமாட்டிகளும் காத்து நிற்கின்றனர். கட்டணம் இரண்டரை ஷில்லிங். உள்ளே நாடகமில்லை, நடனமில்லை, செப்படி வித்தையுமில்லை. ஒரு மனிதன் நிற்கிறான் — அவ்வளவே! நிற்பதுதான் அவன் தொழில். பெயர் சார்லஸ் பைர்ன். வயது இருபத்தொன்று. வட அயர்லாந்தில் லிட்டில்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் பிறந்த ஏழை. எட்டடிக்கும் மேற்பட்ட உயரம் என்று முழங்கின விளம்பரங்கள். உண்மை உயரம் ஏழடி ஏழு அங்குலம்.

ஏன் இப்படி வளர்ந்தான்? ஊரார் ஒரு காரணம் கூறினர். பெற்றோர் உயரமான வைக்கோற்போரின் உச்சியில் கூடியிருந்தபோது கருவானவனாம், அதனால்தான் உயர்ந்தானாம்! காரணம் அறியாத இடத்திலே கதை குடியேறுவது உலக வழக்கு. இலண்டன் சீமான்களோ இந்தக் கதையைக்கூடக் கேட்கவில்லை. காசு தந்தார்கள், கண்டார்கள், களித்தார்கள், கலைந்தார்கள். வியப்புக்குரிய அந்த உடல் நோயுற்ற உடல் என்பது ஒருவருக்கும் தெரியாது.

அவனுடைய நல்ல நாள் நீடிக்கவில்லை. கூட்டம் குறைந்தது, கட்டணம் குறைந்தது, குடி மிகுந்தது. அடுத்த ஆண்டு மதுக்கடையொன்றிலே, அவன் சேர்த்து வைத்திருந்த எழுநூறு பவுனுக்கு மேற்பட்ட தொகை களவு போயிற்று. 1783 ஜூன் முதல் நாள் அவன் மாண்டான். வயது இருபத்திரண்டு.

சாகுமுன் அவனை வாட்டியது சாவைப் பற்றிய அச்சமன்று. செத்தபின் என்ன நேருமோ என்ற அச்சம்! மருத்துவர்கள் தன் பிணத்துக்காகக் காத்திருப்பது அவனுக்குத் தெரியும். ஆகவே நண்பர்களிடம் வேண்டினான்: என்னை ஈயப் பெட்டியில் அடைத்துக் கடலிலே ஆழ்த்திவிடுங்கள்! வாழ்நாளெல்லாம் காட்சிப் பொருளாக நின்றவன், இறந்த பின்னாகிலும் எவர் கண்ணிலும் படாதிருக்க விரும்பினான். அந்த ஒன்றைத்தான் கேட்டான்.

கிடைத்ததா? பெட்டி கடலுக்குத்தான் போயிற்று. பெட்டிக்குள் இருந்தவை கற்கள் என்பர்! உடலைக் காவல் காத்தோருக்கு ஐந்நூறு பவுன் கைமாறியதாகக் கூறப்படுகிறது. வாங்கியவர் ஜான் ஹண்டர்.

ஹண்டர் சிறியவரல்லர். அரசரின் அறுவை மருத்துவர். அம்மைக் குத்தல் கண்ட எட்வர்ட் ஜென்னரின் ஆசான். ஊகத்தை ஒதுக்கி, வெட்டிப் பார்த்து உண்மை காண் என்று ஒரு தலைமுறைக்கே கற்பித்த மேதை. அறுவை மருத்துவம் அறிவியலாக உயர்ந்ததில் அவர் பங்கு பெரிது. அந்த மேதைதான் பைர்னின் உடலை அவசர அவசரமாகத் துண்டித்து, கொப்பரையிலே கொதிக்க வைத்து, எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டார். கண்டுபிடித்துவிடுவார்களே என்ற பதைப்பில் நடந்த வேலை. சதையோடு சேர்ந்து, நோயின் வேரும் அந்தக் கொப்பரையிலே கரைந்து போயிற்று. காரணம் கேட்கக் கற்பித்தவர், காரணத்தையே கொதிக்க வைத்துவிட்டார்!

அந்த வேர் எது? மூளையின் அடிப்புறத்தில், மண்டையோட்டின் எலும்புக் குழியொன்றில் அமர்ந்திருக்கும் பிட்யூட்டரி என்னும் சுரப்பி. பட்டாணியளவுதான். மூளையின் சளியை மூக்குக்கு வடித்தனுப்பும் உறுப்பு இது என்று பண்டைய மருத்துவர் காலன் நம்பினார். சளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே சுரப்பிக்குப் பெயராயிற்று. நம் பாடநூல்களும் அதைக் 'கபச் சுரப்பி' என்று மொழிபெயர்த்துக்கொண்டன. கபத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை என்று தெரிந்த பின்னும், வகுப்பிலே நாம் அந்தப் பெயரைத்தான் சொல்லி வருகிறோம். பொய் மாண்ட பின்னும் பெயர் வாழ்கிறது!

நாளமின்றி நேரே குருதியில் கலக்கும் பல சுரப்புகளை அது தருகிறது. அவற்றுள் ஒன்று வளர்ச்சிச் சுரப்பு. சுரப்பியில் கட்டி தோன்றினால், இச்சுரப்பு அளவின்றிப் பெருகலாம். எலும்புகளின் வளர்முனைகள் மூடுமுன் பெருகினால், ஆள் நெடிதுயர்கிறான். மூடிய பின் பெருகினால், உயரம் ஏறாது. கையும் காலும் தடிக்கும், தாடை நீளும், நெற்றி புடைக்கும், நாக்கும் பெருக்கும். கட்டி வளர்ந்து மேலே அழுத்தினால் கண் நரம்பு நலியும். பக்கப் பார்வை மங்கும்.

பெரியவர்களுக்கு வரும் இந்த நிலைக்கு 1886-இல் 'அக்ரோமெகலி' என்று பெயரிட்டவர், பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய பியர் மாரி. உடலின் முனைகள் பெருத்தல் என்பது பொருள். பெயர் வந்ததே தவிர, காரணம் வரவில்லை. இறந்த நோயாளிகளைச் சோதித்தபோது சுரப்பி பெருத்திருப்பது தெரிந்தது. சுரப்பி பெருத்ததால் நோயா, நோயால் சுரப்பி பெருத்ததா? சுரப்பி மிகையாக வேலை செய்கிறதா, வேலையே செய்யவில்லையா? இருபதாண்டுகளுக்கு மேல் நடந்தது வழக்கு. 1907-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர், மூக்கின் வழியே சென்று சுரப்பிக் கட்டியை அகற்றிக் காட்டினார். 1909-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹார்வி குஷிங், அக்ரோமெகலி நோயாளி ஒருவரின் சுரப்பியில் ஒரு பகுதியை நீக்கினார். நோயின் அறிகுறிகள் தணிந்தன! குறைத்தபோது நோய் குறைகிறதென்றால், மிகையே நோய் என்பது விளங்கிற்றன்றோ?

அதே 1909-இல் குஷிங் இலண்டன் வந்தார். அறுவை மருத்துவர் கல்லூரியின் ஹண்டர் அருங்காட்சியகத்திலே, கண்ணாடிப் பேழைக்குள் நின்றுகொண்டிருந்தான் பைர்ன். அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் ஆர்தர் கீத் உடனிருக்க, மண்டையோடு திறக்கப்பட்டது. சுரப்பி இல்லை, அது கொப்பரையோடு போயிற்று. ஆனால் அது அமர்ந்திருந்த குழி இருந்தது — இயல்புக்கு மீறி அகன்று! உள்ளே வளர்ந்த கட்டி, எலும்பைக் குடைந்து தன் அளவை எழுதிச் சென்றிருந்தது. வைக்கோற்போர்க் கதை அன்றோடு முடிந்தது.

1941-இல் போர் விமானங்களின் குண்டுவீச்சில் அருங்காட்சியகச் சேகரிப்பின் பெரும்பகுதி அழிந்தது. எலும்புக்கூடு தப்பிற்று. 2006-இல் பின்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள், இத்தகைய கட்டி சில குடும்பங்களில் வழிவழியாக வருவதற்கு ஏஐபி என்னும் மரபணுவின் பழுது காரணம் என்று கண்டனர். இலண்டனில் மார்த்தா கோர்போனிட்ஸ் தலைமையில் இயங்கிய குழு, பைர்னின் பற்களிலிருந்து மரபணுப் பொருளைப் பிரித்தெடுத்தது. 2011-இல் முடிவு வெளிவந்தது. பைர்னிடம் இருந்த அதே பழுது, இன்று வாழும் வட அயர்லாந்துக் குடும்பங்கள் நான்கில் இருந்தது! ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையிடமிருந்து வந்தது அது என்றும் கணித்தனர். பின்னர் அப்பகுதி மக்கள் தாமாக முன்வந்து சோதனைக்கு உடன்பட்டனர். மிட் அல்ஸ்டர் வட்டாரத்தில் 150 பேரில் ஒருவர் இப்பழுதைச் சுமக்கிறார் என்று 2016-இல் அறிவிக்கப்பட்டது. சுமப்போர் அனைவருக்கும் நோய் வருவதில்லை, சிறுபான்மையோருக்கே வருகிறது. ஆயினும் யாரைக் கண்காணிப்பது என்று தெரிந்தால், கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். பைர்னுக்குக் கிடைக்காத வாழ்வு அவன் உறவினர்க்குக் கிடைக்கும்.

இங்கேதான் பகுத்தறிவாளர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பிணத்துக்கு உணர்வேது, கடலிலே கிடந்தாலென்ன, கண்ணாடியிலே நின்றாலென்ன, உலகுக்குப் பயன் விளைந்ததே என்று நம் தோழர் சிலர் கேட்கக்கூடும். பிணத்துக்கு உணர்வில்லை, மெய்தான். ஆனால் வேண்டியது பிணமா? உயிரோடிருந்த மனிதன்! தன் உடல் தனக்குரியது என்று சொன்ன ஏழை. அவன் சொல்லை விலை கொடுத்து வாங்க முடிந்தது, அவன் ஏழை என்பதால். 1793-இல் மறைந்த ஹண்டரின் உடலுக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1859-இல், அவருடைய சவப்பெட்டியைத் தேடிக் கண்டெடுத்து, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலே சிறப்போடு மீண்டும் அடக்கம் செய்தனர். ஒருவருக்கு ஆலயம், மற்றவருக்குக் கண்ணாடிப் பேழை! இருவருமே பிணங்கள்தாம். பிணத்துக்கு மதிப்பில்லை என்பதுதான் கொள்கையானால், அந்தக் கொள்கை ஏழையின் எலும்போடு நின்றுபோனதேன்?

ஆராய்ச்சிக்கு உடல் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. சமயத்தின் பெயரால் பிணச் சோதனையைத் தடுத்தோர் மருத்துவத்தை எத்தனை நூற்றாண்டு முடக்கினர் என்பதும் தெரியும். கேட்டுப் பெறுவதற்கும் திருடிப் பெறுவதற்கும் உள்ள வேறுபாட்டையே சொல்கிறோம். மிட் அல்ஸ்டர் மக்களிடம் கேட்டார்கள், கொடுத்தார்கள். பைர்ன் கொடுக்க இசையவில்லை. அவன் சொல்லியிருந்த மறுப்பை மதிக்கவில்லை.

2011 டிசம்பரில் மருத்துவ அறநெறிப் பேராசிரியர் லென் டாயலும் சட்ட அறிஞர் தாமஸ் முயின்சரும், பிரிட்டிஷ் மருத்துவ இதழிலே இந்தக் கேள்வியை எழுப்பினர். மரபணுவை எடுத்தாயிற்று, இனியேனும் அவனைக் கடலுக்கு அனுப்புங்கள் என்றனர். நாளை புதிய சோதனை முறைகள் வரும், எலும்பு வேண்டும் என்றனர் மறுதரப்பினர். கல்லூரி பல்லாண்டு மௌனம் காத்தது. 2023 ஜனவரியில் முடிவு அறிவித்தது: இனி எலும்புக்கூடு காட்சிக்கு வைக்கப்படமாட்டாது, ஆனால் உண்மையான மருத்துவ ஆராய்ச்சிக்காகக் கல்லூரியிடமே இருக்கும். கடலுக்கு அனுப்பவில்லை.

அவ்வாண்டு மே திங்களில் அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டது. பைர்ன் நின்ற இடத்துக்கு, ஜோஷுவா ரெனால்ட்ஸ் தீட்டிய ஹண்டரின் ஓவியம் வந்தது. மேசையருகே அமர்ந்து மேதை சிந்தனையில் ஆழ்ந்திருக்கிறார். ஓவியத்தின் மேல் மூலையில், தொங்கும் எலும்புக்கூடொன்றின் இரு பாதங்கள் மட்டும் தெரிகின்றன. அவை பைர்னின் பாதங்கள்.