‘கிளிக்’ சத்தத்துக்குப் பின்னால

கியர் மாத்தும்போது கேட்கிற ‘கிளிக்’ சத்தத்தை நாங்கள் ஒரு வசதியாகத்தான் பார்க்கிறம். அந்த வசதிக்கு ஒரு விலை இருந்தது.

முந்தி கியர் நெம்புகோலுக்குப் படிகள் கிடையாது. கேபிளை எவ்வளவு இழுப்பதென்று ஓட்டுபவரின் கையும் காதும் தீர்மானித்தன. அதனால ஒரு கம்பனியின் நெம்புகோல் இன்னொரு கம்பனியின் டிரெய்லியரோடும் ஒத்துப்போகும்.

சங்கிலியைப் பல்லுச்சக்கரங்களோடு நெருக்கமாகவே நகர்த்துகிற சாய்ந்த டிரெய்லியரை 1964இல் யப்பானின் சன்டூர் கொண்டுவந்தது. அதன் காப்புரிமை 1984இல் முடிந்தது. அதே காலத்தில் ஷிமானோ அந்த அமைப்பை எடுத்து, படிவைத்த நெம்புகோலோடு டியூரா-ஏஸில் இறக்கியது. இனி ஒரு கிளிக்குக்கு இவ்வளவு கேபிள் என்று கணக்கு. நெம்புகோல், டிரெய்லியர், பல்லுச்சக்கர இடைவெளி மூன்றும் பொருந்தவேணும். ஒன்று பிசகினாலும் சங்கிலி ஒழுங்காக இருக்காது.

முழுத்தொகுதியாக வாங்கும் சைக்கிள் கம்பனிகளுக்கு ஷிமானோ கழிவு கொடுத்துப் போட்டியாளரை ஒதுக்குது என்று 1990இல் அமெரிக்காவின் ஸ்ராம் வழக்குப் போட்டது. அடுத்த வருசம் சமரசம். பிறகு ஸ்ராம் சொந்த டிரெய்லியர் செய்தபோது, அதுவும் வேறொரு இழுவைக் கணக்கைத்தான் வைத்தது.

ஆக, ‘இது அதுக்குப் பொருந்தாது’ என்று கேட்கும்போது, அந்தக் கணக்கை யார் போட்டது என்றும் நாங்கள் கேட்கவேணும். படியில்லாத பழைய நெம்புகோல் இன்றைக்கும் பலதையும் சேர்த்து ஓட்டும்.