அரைச்சுரம் இறங்கிய பியானோ

மருந்து செவியைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி. 1820இல் பாரிஸில் பெல்லத்தியேயும் கவாந்துவும் சின்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தார்கள். அதை மிகுதியாக உண்டவர்களுக்குக் காதில் ஓயாத இரைச்சல். 1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயாளிகளைப் பிழைக்க வைத்தது. அவர்களுள் சிலரைத் தள்ளாட வைத்தது. அக்குறையைத் தவிர்ப்பதற்கென வந்த டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசினோ கேட்கும் திறனையே பறித்தது. உட்செவியின் மயிரணுக்கள் மடிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

இவையெல்லாம் ஒலி குன்றிய கதைகள். ஒலி குன்றாமல் சுருதி மட்டும் இறங்கிய கதை வேறு.

கார்பமசெபின், ஸ்விட்சர்லாந்தின் கெய்கி நிறுவனத்தில் 1953இல் உருவாக்கப்பட்டது. 1960களிலிருந்து முகநரம்பு வலிக்கும் வலிப்பு நோய்க்கும் தரப்பட்டு வருகிறது. இதை உண்போருக்குச் சுருதி தாழ்ந்து கேட்கிறது என்னும் செய்தி 1990களில்தான் மருத்துவ இதழ்களில் இடம்பெறத் தொடங்கியது. அவ்வறிக்கைகளில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை. முறையிட்டவர்களுள் பலர் இளமையிலேயே பியானோ முதலிய கருவிகளைப் பயின்றவர்கள். ஒற்றைச் சுரம் ஒலித்தாலே அதன் பெயரைச் சொல்லிவிடக்கூடியவர்கள். விரல் தொட்ட சுரம் ஒன்று, காது கேட்ட சுரம் ஏறத்தாழ அரைச்சுரம் கீழே. மருந்தை நிறுத்தியதும் சுருதி பழைய இடத்துக்குத் திரும்பியது.

அதற்கு முன்பு முப்பதாண்டுக் காலம் இதை உண்ட மற்றவர்களுக்கு என்ன நேர்ந்தது? எல்லாச் சுரங்களும் ஒருசேர இறங்கினால் இடைவெளிகள் மாறுவதில்லை. மெட்டு மெட்டாகவே கேட்கும். (ஆதார ஸட்ஜத்தைப் பாடுபவரின் வசதிக்கேற்ப வைத்துக்கொள்ளும் நம் கர்நாடக இசையில் தம்பூராவும் கூடவே இறங்கியிருக்கும். ரசிகர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?) வழக்கமான செவிப் பரிசோதனையும் உதவாது. அது "கேட்கிறதா" என்று வினவுமே தவிர, "என்ன சுரம்" என்று வினவுவதில்லை. காது நன்றாக இருக்கிறது என்று சான்றளித்து அனுப்பிவிடும்.

மாற்றம் நிகழும் இடம் உட்செவியா, மூளையா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமிக்கவில்லை. நரம்பணுக்களில் சோடியம் புகும் வழிகளை அடைத்தே இம்மருந்து வலிப்பை அடக்குகிறது; செவியிலிருந்து மூளைவரை ஒலி செல்வதும் நரம்பின் வழியேதான்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இசையே பிழைப்பாகக் கொண்ட வலிப்பு நோயாளிக்கு இது சிறு தொல்லையன்று. மருந்தை விட்டால் வலிப்பு, தொடர்ந்தால் கைக்கும் காதுக்கும் ஓயாத வழக்கு. பிரமை என்று ஒதுக்கிவிடத்தக்க அந்த முறையீட்டை, நோயாளியின் சுருதி உணர்வைச் சோதித்துப் பார்த்து மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.