அரிட்டாபட்டி: ஒரு மலையை அறிந்துகொண்ட கதை

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் நெடுஞ்சாலையில் யானைமலையைத் தாண்டிச் சென்று இடப்புறம் பிரிந்தால் அரிட்டாபட்டி. ஏழு சிறு மலைகள் சூழ்ந்த ஊர். பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயிலில் இலகுலீசர் சிற்பமும், குகைத்தளத்தில் தமிழ் பிராமிக் கல்வெட்டும் உண்டு. தொல்லியல் ஆர்வலர்கள் நன்கறிந்த இவ்வூரைத் தமிழகம் முழுதும் அறிந்துகொண்டது 2024 இறுதியில், டங்ஸ்டன் சுரங்க எதிர்ப்பின்போதுதான். அப்போராட்டத்தின் அரசியலைப் பலரும் எழுதிவிட்டார்கள். சூழலியல் என்னும் அறிவியல் துறை ஒரு கிராமத்தின் பேச்சுக்குள் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதையே இங்கே பார்க்க விரும்புகிறேன்.

கதை சற்று முன்னதாகத் தொடங்குகிறது. மேலூர் வட்டாரத்து மலைகள் பல ஆண்டுகளாகக் கிரானைட்டுக்காக அறுக்கப்பட்டு வந்தன. 2012-இல் அன்றைய ஆட்சியர் உ. சகாயம் அனுப்பிய அறிக்கைக்குப் பிறகே அதன் அளவு பரவலாகத் தெரியவந்தது. அதற்கு முன், 2010-இல், யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்தை அடிவாரத்து மக்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பையொட்டிப் பிறந்ததே எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் ஒருங்கிணைத்த 'பசுமைநடை'. மாதம் ஒரு ஞாயிறு காலை, மதுரையைச் சுற்றியுள்ள ஒரு குன்றுக்கு மக்கள் நடந்து செல்வார்கள். சொ. சாந்தலிங்கம், வெ. வேதாசலம் போன்ற அறிஞர்கள் அங்கேயே நின்று கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் விளக்குவார்கள். பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருந்த அறிவு, அது பிறந்த பாறையின் நிழலுக்கே திரும்பிவந்தது எனலாம். மலை என்பது வெறும் கல் இல்லை, படிக்கவேண்டிய ஏடு என்ற பார்வை அங்கே பலருக்குக் கிடைத்தது.

கல்வெட்டுகளைப் போலவே உயிரினங்களும் படிக்கப்பட்டன. பறவை நோக்குவோரும் இயற்கை ஆர்வலர்களும் திரட்டிய குறிப்புகள் ஒரு நீண்ட பட்டியலாயின. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், அவற்றுள் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளி. கூடவே எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த 193.215 ஹெக்டேர் நிலம் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் பட்டியல் மட்டும் உழவருக்குப் போதாது. ராசாளி இருந்தால் தன் வயலுக்கு என்ன என்று அவர் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு விடை மலையின் அமைப்பிலேயே இருக்கிறது. வெற்றுப் பாறையில் பெய்யும் மழையில் பெரும்பகுதி வழிந்தோடுகிறது. ஒரு பங்கு விரிசல்களில் இறங்கிச் சுனையாகவும் ஊற்றாகவும் கசிகிறது. மற்றது அடிவாரத்துக் கண்மாய்க்கு வருகிறது. அந்தக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய் பெருகும். இவ்வட்டாரத்தில் 72 ஏரிகளும் 200 ஊற்றுகளும் உண்டென்று அந்த அறிவிப்பின்போது அரசு கூறியது. நீரியலாளர் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று சொல்வதும், ஊர்ப் பெரியவர் மலைத்தண்ணி என்று சொல்வதும் ஒன்றையே.

2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கு ஏலதாரர் அறிவிக்கப்பட்டார். தொகுதியின் பரப்பு 2015.51 ஹெக்டேர். கிராமசபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின; டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் இயற்றியது. டிசம்பர் 24-இல் மத்திய சுரங்க அமைச்சகம், பல்லுயிர்த் தலத்தை விலக்கி எல்லையை மாற்றியமைக்க ஆராயும்படி இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டது.

இந்த இடம்தான் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது. பாதுகாக்கப்பட்ட தலம் தொகுதியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அரசாணை அதற்கு மட்டுமே அரண். மற்ற ஒன்பது பங்குக்கு எந்த உயிரினப் பட்டியலும் துணைக்கு வரவில்லை. அதற்காகப் பேசியது கண்மாயையும் மறுகாலையும் பெரியாற்றுக் கால்வாயையும் அறிந்த மக்களின் அறிவு. எல்லையை மாற்றினால் போதும் என்பதை அவர்கள் ஏற்கவில்லை. நீருக்கு அரசாணை எல்லை தெரியாதல்லவா? 2025 ஜனவரி 7-இல் பல்லாயிரவர் மதுரைத் தலைமை அஞ்சலகம் நோக்கித் திரண்டார்கள். ஜனவரி 23-இல் ஏலம் முழுவதுமாக ரத்தானது.

பருவநிலை மாற்றத்தை எளிய மக்களுக்கு விளக்குவது கடினம் என்று அறிஞர்கள் வருந்துவதைக் கேட்கிறோம். உலகச் சராசரி வெப்பம் ஒன்றரைப் பாகை உயர்வதைப் பற்றிய வரைபடம் மேலூர் உழவரிடம் பேசாமல் போகலாம். தன் கண்மாய்க்கு எத்தனை நாள் மழையில் தண்ணீர் வரும் என்ற கணக்கு அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. விளக்கம் அங்கிருந்து தொடங்கவேண்டும். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை எதிர்பார்க்கிறது. அறிஞரின் பட்டியலும் ஊராரின் கணக்கும் ஒரே ஏட்டில் சேரவேண்டிய இடம் அது. அலுவலகச் சடங்காக நிரப்பி அலமாரியில் வைத்தால் அது வெறும் காகிதம். மடைக்காரரையும் ஆடு மேய்ப்பவரையும் கேட்டு எழுதினால், அடுத்த ஏல அறிவிப்பு வரும்போது ஊர் கையில் எடுத்துக்கொள்ளும் ஆவணம்.