பட்டாளத்தார் வீட்டு டிரங்குப் பெட்டி

செவிலிமேட்டிலும் பாலாற்றுக்கு அக்கரையிலும் இருக்கிற நம் சேரிகளில் 'பட்டாளத்தார் வீடு' என்று ஒரு வீட்டைக் காட்டுவார்கள். உள்ளே பெயரும் எண்ணும் பெயின்டில் எழுதிய டிரங்குப் பெட்டி ஒன்று கிடக்கும். அதன் சொந்தக்காரர் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் நம்மில் பலர் வளர்ந்தோம். ஆனால் எழுதிவைத்தோமா?

எல்லையில் இறந்தவரைப் பற்றி நாடு பேசுகிறது. எல்லையில் வாழ்ந்தவரைப் பற்றிப் பேசுவதில்லை. சியாச்சினை எடுத்துக்கொள்வோம். 1984 ஏப்ரல் 13 முதல் நம் ராணுவம் அங்கே நிற்கிறது. திரும்பி வந்தவர்கள் சொல்வது சண்டையைப் பற்றி அல்ல. மண்ணெண்ணெய் அடுப்பின் கரி மூக்கிலும் நெஞ்சிலும் படிந்து, கீழே இறங்கிய பிறகும் சளி கறுப்பாக வந்ததைச் சொல்கிறார்கள். முட்டையும் ஆரஞ்சும் கல்லாய் உறைந்ததை, மாதக்கணக்கில் குளிக்காததை, வெறுங்கையால் துப்பாக்கியைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டதை, கூடாரம் புதைந்துவிடாமல் நள்ளிரவில் பனியை வாரித் தள்ளியதைச் சொல்கிறார்கள். பனிப்பிளவில் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க, எல்லோரும் ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

2016 பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் முகாமைப் பனிச்சரிவு மூடியது. மெட்ராஸ் ரெஜிமென்ட் 19ஆம் பட்டாலியனின் பத்துப் பேர் புதைந்தனர். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டவர். ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11இல் இறந்தார்.

ஒரே கயிறு, ஒரே அடுப்பு. அங்கே யார் கை சமைத்தது என்று கேட்டால் பட்டினிதான். அதற்காக ராணுவம் சாதியில்லாத இடம் என்று நாம் சொல்லவில்லை. சாதிப் பெயரில் ரெஜிமென்ட்கள் இன்றும் இருக்கின்றன. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்குக் குறிப்பிட்ட மூன்று சாதியினரை மட்டும் எடுக்கும் வழக்கம் நீதிமன்றம்வரை போனது.

இந்தக் கதவு நமக்கு ஒருமுறை திறந்து, பிறகு மூடப்பட்ட கதவு. மெட்ராஸ் ராணுவத்திலும் அதன் சாப்பர்ஸ் படையிலும் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். பம்பாய் ராணுவத்தில் மகர்கள் இருந்தார்கள். 1885இல் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ் போன்றவர்கள் 'போர்ச் சாதி' என்ற கட்டுக்கதையைக் கொள்கையாக்கினார்கள். வடமேற்கின் சில சாதிகளே வீரமுள்ளவை என்றார்கள். 1890களில் மகர்களுக்குச் சேர்க்கை நின்றது. ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து மனு எழுதினார்.

ஏன் எதிர்த்தார்? பட்டாளம் என்பது சம்பளம் மட்டுமல்ல. அங்கே பள்ளிக்கூடம் இருந்தது. ராணுவப் பள்ளி ஆசிரியராக இருந்த சுபேதார் ராம்ஜியின் மகனாக, 1891 ஏப்ரல் 14 அன்று மோவ் ராணுவ முகாமில் பிறந்தவர்தான் பாபாசாகேப் அம்பேத்கர். அந்தச் சுபேதாரின் பிள்ளைகள் 1901இல் அப்பாவைப் பார்க்க ரயிலில் போனார்கள். நல்ல உடை போட்டிருந்தும், சாதி தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டைக் கூலிக்கு ஒரு வண்டி கிடைத்தது. ஆனால் வழி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. பாபாசாகேப் இதைத் தானே எழுதிவைத்தார். அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

இது பழங்கதை அல்ல. சோனம் முகாம் புதைந்த அதே 2016இல், ஜூன் மாதம், காஷ்மீரின் பாம்பூர் தாக்குதலில் இறந்த ஒரு சி.ஆர்.பி.எப். வீரரின் உடல் உத்தரப் பிரதேசத்துக்கு வந்தது. அவர் நட் சமூகத்தவர். அவரை எரிக்கப் பொது நிலத்தில் இடம் தர ஊரின் ஆதிக்கச் சாதியினர் மறுத்தார்கள். அதிகாரிகள் வந்து பேசிய பிறகே இடம் கிடைத்தது. தேசியக் கொடி போர்த்திய உடலுக்கும் ஊர் சாதி பார்த்தது.

நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கீழ் ஒட்டிவாக்கத்தில் பிறந்தவர் சுபேதார் சுப்ரமணியன். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், வெடிக்கப்போகும் கண்ணிவெடிமேல் விழுந்து தோழர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்றவர் அவர். பதக்கச் சான்று ஒரு மனிதரின் கடைசிச் சில நொடிகளை எழுதும். அதற்கு முன்னால் அவர் என்ன தின்றார், யாரோடு தூங்கினார், வீட்டுக்கு என்ன எழுதினார் என்பதைக் கூட இருந்தவர்களும் வீட்டாரும்தான் சொல்ல முடியும்.

ஆகவே தோழர்களே, இந்த விடுமுறையில் பட்டாளத்துத் தாத்தாவிடம் போய் உட்காருங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காதீர்கள். முகாமில் யார் சமைத்தார்கள், யார் பக்கத்தில் படுத்தார்கள், கக்கூஸைக் கழுவும் வேலை யாருக்குப் போனது, அங்கே உங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். கடைசியாக, விடுப்பில் ஊருக்கு வந்து டீக்கடையில் நின்றபோது என்ன நடந்தது என்று கேளுங்கள். மணியார்டரை எதிர்பார்த்துக் குடும்பத்தை ஓட்டிய ஆயாவிடமும் கேளுங்கள். அவர் நினைவும் வரலாறுதான்.

அந்தப் பெட்டி துருப்பிடிப்பதற்குள் திறந்துவிடுவோம்.

ஜெய் பீம்!