சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து கடல் கடந்தோரும் இன அடையாளமும்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கிச் சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து தோட்ட வேலைக்குக் கடல் கடந்தவர்கள், போய்ச் சேர்ந்த நாட்டைப் பொறுத்து வெவ்வேறு இனத்தவராக எண்ணப்பட்டனர். ஊரில் சாதியாலும் கிராமத்தாலும் அறியப்பட்ட ஒருவர் இலங்கையில் 'இந்தியத் தமிழர்', மலாயாவில் 'இந்தியர்', நேட்டாலில் 'ஆசியர்' ஆனார்.

புறப்பாடு

1876-78 பஞ்சத்தில் சேலம் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 1871இல் 19,66,995 ஆக இருந்த மக்கள்தொகை 1881இல் 15,99,595 ஆகக் குறைந்தது. இதில் சாவின் பங்கு எவ்வளவு, குடிபெயர்வின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பிற்காலக் கணக்குகளில் வேறொரு சிக்கல். நாமக்கல் வட்டம் 1910 முதல் 1929 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்ததால், அக்காலத்துப் பதிவுகளில் 'திருச்சிக்காரர்' எனக் குறிக்கப்பட்டோருள் நாமக்கல்லாரும் கலந்துள்ளனர்.

இலங்கை

பதிவுகள் மிகுதியாகக் கிடைப்பது இலங்கைக்கே. காப்பித் தோட்டக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து மலையேறினர். வழியில் இறந்தவர் பலர். 1914இல் தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பல் போக்குவரத்து வந்தது. ஆள் திரட்டியவர் கங்காணி. எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்று காட்ட, எண் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கயிற்றில் கோத்து ஒவ்வொருவர் கழுத்திலும் மாட்டினர். கங்காணியின் கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பதாகத் தோட்டத் துரை எழுதித்தரும் 'துண்டு' முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

1911 குடிக்கணக்கில் இவர்கள் முதன்முறையாக 'இந்தியத் தமிழர்' என்று தனியே எண்ணப்பட்டனர். தொகை ஏறத்தாழ 5.31 இலட்சம்; 'இலங்கைத் தமிழர்' 5.28 இலட்சம். மேற்குத் தமிழகத்தில் மிகுதியாக வாழும், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அருந்ததியரும் இக்கணக்கில் தமிழரே. அவர்கள் எப்போது தமிழுக்கு மாறினர் என்பது தெளிவாகவில்லை. லயத்து (தோட்ட வரிசை வீடுகளின்) வாழ்வில் சாதி தளர்ந்தது என்பர் சிலர். கங்காணி தன் உறவினரையும் சாதியாரையும் கூட்டிவந்ததால் சாதியும் உடன் கப்பலேறியது என்பர் வேறு சிலர்.

கணக்கெடுப்பின் எந்தக் கட்டத்திலும் அடங்காத சான்று ஒன்று கூத்து. இலங்கையின் மலைத்தோட்டப் பகுதியான மலையகத்தில் காமன் கூத்தோடு பொன்னர் சங்கரும் ஆடப்படுகிறது. அண்ணன்மார் கதை எனப்படும் இது கொங்கு நாட்டிலும் காவிரிக்கரை ஊர்களிலும் வழங்குவது. விடியலில் ஆட்களைப் பிரட்டுக்கு (காலை வேலைக் கணக்கெடுப்புக்கு) அழைத்த அதே தப்பு, இரவில் பொன்னருக்கும் சங்கருக்கும் அடிக்கப்பட்டது. பேரப்பிள்ளைகள் கண்ணால் காணாத வயல்வெளிகளை இக்கதையில் கேட்டறிந்தனர்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் இவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்' என்ற வசைகளும் சேர்ந்தன. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. இந்தியா வந்தவர்கள் இங்கே 'சிலோன்காரர்' ஆயினர். 'இந்தியத் தமிழர்' என்பதை மறுத்து 'மலையகத் தமிழர்' என்னும் பெயர் வலுத்தது; பழைய பெயரையே விரும்புவோரும் உளர்.

நேட்டால், மலாயா

சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16இல் டர்பன் சேர்ந்தது. 1911 வரை ஏறத்தாழ 1.52 இலட்சம் இந்தியர் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் சேலத்தாரும் உண்டு. தந்தை பெயர், சாதி, ஊர், உடல் தழும்பு ஆகியவற்றை ஆளுக்கு ஓர் எண்ணிட்டுப் பதிந்தனர். இன்றும் வழித்தோன்றல்கள் மூதாதையர் ஊரைத் தேடுவது இப்பதிவேடுகளில்தான். வெள்ளையர் வாயில் எல்லாரும் 'கூலி' அல்லது 'சாமி'. 1950 மக்கள்பதிவுச் சட்டம் இந்தியரை முதலில் கலப்பினத்தார் பிரிவில் வைத்தது. பின்னர் தனிப் பிரிவாக்கியது.

மலாயாவுக்குப் பயண உதவியுடன் ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது.

அண்மைக்காலம்

மலையகத் தமிழரின் 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைப்பயணம் நடந்தது. அன்று ஆட்களை அனுப்பிய சேலம், நாமக்கல் சமவெளிக்கு இப்போது வடமாநிலத் தொழிலாளர் வருகின்றனர். ஒடியா, வங்காளம், சந்தாளி பேசுவோரும் இங்கு 'இந்திக்காரர்' எனவே அழைக்கப்படுகின்றனர்.